பதினெட்டு முறை

முதல் மாதம் முழுக்க விழுந்துகொண்டிருந்தோம்.
பின்பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம்,
தோள்வழி உருண்டு.
முகவாயை நெஞ்சில் ஒட்டு.
உள்ளங்கையால் பாயை அறை.
மூச்சை விடு.
மீசையில் மண் ஒட்டாமல் விழ
நிஜமாகவே ஒரு முறை உண்டென்று
முப்பத்தெட்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

செவ்வாய், வெள்ளி, இரவு ஏழரை.
சேன்-நசேர் கப்பல் தளத்தில் வெல்டிங் முடித்து
தலைமுடியில் இரும்பு வாசனையோடு போவேன்.
பயிற்சியாளர் க்ளெர்வி என்னைவிடப் பதினோரு வயது இளையவள்.
"அங்கே ஒட்டுகிறீர்கள்,
இங்கே ஆளைத் தரையிலிருந்து பிரிக்க வேண்டும்,
அவ்வளவுதான்" என்றாள்.
அவ்வளவுதானுக்கு ஏழு வருடம் ஆனது.

எனக்கு ஜோடியாக வாய்த்தவர் துத்வால்.
தபால்காரர். ஐம்பத்திரண்டு.
என் எடைதான், ஒரு கிலோ கூட.
இரண்டு கெண்டைக்காலிலும் நாய் கடித்த தழும்பு.
நான் வரும்போதே நான்கு வருடமாகப் பழுப்புப் பட்டை.
ஏன் மேலே போகவில்லை என்றால்
"பிடித்த நிறம்" என்பார்.

வெள்ளையில், முடிச்சுப் போடவே மூன்று வாரம்.
மஞ்சளில், கைச்சட்டையைப் பிடித்துப் பிடித்து
நகக்கண்ணெல்லாம் ரத்தம்.
ஆரஞ்சு நினைவில்லை,
அந்த வருடம் ஒரு கப்பல் அவசரம்.
பச்சையில் ஒருநாள்
துத்வால் முன்னால் வந்தார், நான் திரும்பினேன்,
என் இடுப்பு அவருடையதற்குக் கீழே போய்விட்டது.
எதையும் தூக்கவில்லை நான்.
வந்த வேகத்தில் அவர் என்மேல் கடந்துபோனார்,
திறந்திருந்த கதவைத் தள்ளியவர் போல.
பாய் அதிர்ந்தது.
படுத்தபடியே "அட" என்றார்.
நீலத்தில் மோதிரவிரல் வளைந்துகொண்டது.
மருத்துவமனையில் மோதிரத்தை வெட்டி எடுத்தார்கள்.
புதிது வாங்கவில்லை,
அதற்கு வேறு காரணமும் உண்டு.

இரண்டு தட்டு தட்டினால் விட்டுவிடுவார்கள்.
பாயையோ எதிராளியையோ, கைக்கு எட்டியதை.
நான் தட்டமாட்டேன்.
கழுத்து நெரிபட, கண் இருட்ட,
பல்லைக் கடித்துக் கிடப்பேன்.
துத்வால்தான் பிடியைத் தளர்த்திக் கேட்பார்:
"யாருக்காக?"
பதில் கிடைக்க இரண்டு வருடம்.
பிறகு தட்டப் பழகினேன்.
ஒருநாள் ஃபோர்மேனின் மேசையிலும்
என்னையறியாமல் இரண்டு தட்டு.
அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார்,
பட்டியலில் என் மூன்றாவது இரவு ஷிஃப்டை அடித்தார்.

கறுப்புப் பட்டைக்குத் தேர்வு நாந்த் நகரில்,
நவம்பர் ஞாயிறு, கூரைமேல் மழை.
மேசையில் மூன்று நடுவர்கள்,
ஒருவருக்கு ஜலதோஷம்.
ஒன்பது வீச்சு, இரண்டு பக்கமும்.
எறிய நான். விழ துத்வால்.
நடந்து வருவார், விழுவார், எழுவார்,
மேலங்கியைச் சரிசெய்துகொள்வார், மறுபடி வருவார்.
பதினெட்டு முறை
உள்ளங்கை பாயில் அறையும் சத்தம்,
ஒன்றுபோல் ஒன்று,
ஆணி அடிப்பவன் கணக்கு போல.
கடைசியில் வணங்கினோம்.
அவர் கொஞ்சம் குறைவாகக் குனிந்த மாதிரி இருந்தது.
நான் அப்போது அதைப் பார்த்தும் பார்க்கவில்லை,
மேசையில் பேனாக்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுப் பட்டை படியவே மாட்டேன் என்கிறது.
இரண்டு முனையும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

மூன்று வாரம் கழித்துக் காலையில் அழைப்புமணி.
வாசலில் மஞ்சள் சைக்கிள்.
பதிவுத் தபால்.
"நோல்வென் கெர்வெலா நீங்கள்தானா?"
ஏழு வருடமாகத் தெரிந்த பெயரை
அடையாள அட்டையில் சரிபார்த்தார் துத்வால்.
சட்டம் சட்டம்தான்.
உறைக்குள் சான்றிதழ்:
என் பெயர், தேதி, மூன்று கையெழுத்து.
விழுந்தவருக்கென்று ஒரு வரியும் இல்லை.

பைக்குள் பேனா தேடக் குனிந்தவர்
பாதியில் நின்றார்.
ஒரு கை விலாவைப் பிடித்திருந்தது.

"எந்த வீச்சில்?"

"மூன்றாவது. இடப்பக்கம்."

கணக்குப் போட்டேன்.
அதன்பிறகு பன்னிரண்டு.

"யாருக்காக?" என்றேன்.

"பேனா இலாகாவுடையது" என்றார்,
"கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொடுங்கள்."